தனியார் என்பதால் பட்டம் செல்லாமல் போகாது

"தனியார் பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வி (மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்கான படிப்பு) படித்தால் அந்தப் பட்டம் எங்கும் செல்லாது, அதில் படிக்கவும் ஒன்றுமில்லை, பொறுமை இருந்தால் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. அரசா தனியாரா என்பதை விட, அந்தந்த நாட்டில் ஆசிரியர் உரிமம் தரும் அமைப்பு அந்தப் படிப்பை ஏற்றிருக்கிறதா என்பதுதான் முக்கியம். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, படிப்புக்கு இருப்பது வேறு. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சேரும் முன் அந்த அமைப்பின் பட்டியலிலேயே பார்த்துவிடுங்கள்.

பொறுமை போதும் என்றதுதான் எனக்கு வருத்தம். கைகழுவக் கற்றுக்கொடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறப்பது, கையை நனைப்பது, சோப்புப் போடுவது என்று சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, சில குழந்தைகளுக்குக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிச் சொல்லித்தருவார்கள். மற்றதற்கெல்லாம் ஆசிரியர் கைகொடுக்க, கடைசிப் படியான கை துடைப்பதை மட்டும் குழந்தை தானே செய்யும். வேலையை முடித்த சந்தோஷம் தொடக்கத்திலேயே கிடைத்துவிடும். எந்தக் குழந்தைக்கு எந்த வழி என்று மதிப்பிடவும், அந்தக் குழந்தைக்கென்றே இலக்குகளை வகுக்கும் தனிநபர் கல்வித் திட்டம் எழுதவும் முறையான படிப்பு வேண்டும்.

அப்புறம் வகுப்பறைப் பயிற்சி. எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வையில் என்று கல்லூரியில் நேரடியாகக் கேளுங்கள். பதிலில் மழுப்பினால் அங்கே சேர வேண்டாம்.