ஆனந்த் கஷ்டப்பட்டாரா?

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னைப் பையன் குகேஷ் செஸ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பிராக்டிஸ் பண்ணணும் சார்?" செஸ் வகுப்பு வாசலில் கேட்கிறார்கள், அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறார்கள். ஆறு மணி நேரம் என்று சொன்னால், நம் பிள்ளையை எட்டு மணி நேரம் உட்கார வைத்துவிடலாம் என்று அவர்கள் மனசுக்குள் கணக்கு ஓடுவது முகத்திலேயே தெரிகிறது. பிள்ளைக்கு அந்த ஆட்டம் பிடித்திருக்கிறதா என்ற பேச்சே எழுவதில்லை.

கஷ்டப்பட்டால்தான் மேலே வர முடியும் என்பதில் நமக்கு அப்படி ஒரு நம்பிக்கை. ஜெயித்த ஒருவரின் கதையில் தெருவிளக்கு, கிழிந்த சட்டை, தூங்காத ராத்திரி என்று ஏதாவது ஒன்று இருந்தால்தான் மனசு ஒப்புகிறது. விளையாடிக்கொண்டே ஜெயித்தான் என்றால், அதிர்ஷ்டக்காரன் என்று தள்ளிவிட்டுப் போய்விடுவோம்.

சரி, அப்படியானால் விஸ்வநாதன் ஆனந்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆறு வயதில் அம்மா சுசீலாதான் அவருக்குச் செஸ் கற்றுக்கொடுத்தார். 1970களின் கடைசியில் அப்பாவின் ரயில்வே வேலைக்காகக் குடும்பம் சில காலம் மணிலாவில் இருந்தது. அங்கே டிவியில் மதியம் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும். கடைசியில் ஒரு புதிர் போடுவார்கள். விடை அனுப்பினால் புத்தகம் பரிசு. பையன் அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா புதிரைக் குறித்து வைப்பார், சாயங்காலம் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். இப்படிப் பரிசாக வாங்கிக் குவித்ததில், நிகழ்ச்சிக்காரர்களே அவரை அழைத்து, வேண்டிய புத்தகத்தையெல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். ஆனந்தே பல பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது.

சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இருந்த தால் செஸ் கிளப்பும் அப்படித்தான். சில நிமிஷங்களில் முடியும் பிளிட்ஸ் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். ஜெயித்தவர் நாற்காலியிலேயே இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். எழுந்திருக்க மனசில்லாத ஒரு சிறுவன் அங்கே என்ன கற்றுக்கொள்வான்? வேகமாக ஆடவும் ஜெயிக்கவும் கற்றுக்கொள்வான். தேசிய, சர்வதேசப் போட்டிகளுக்குப் போன பிறகும் அந்த வேகம் போகவில்லை. எதிராளி மணிக்கணக்கில் தலையைப் பிடித்துக்கொண்டு யோசிக்க, இவர் பல ஆட்டங்களை அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு எழுந்து உலாவிக்கொண்டிருப்பார். 1986இல் தேசிய சாம்பியன், 1987இல் உலக ஜூனியர் சாம்பியன், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். இதற்கு நடுவே லயோலா கல்லூரியில் பி.காம். வேறு.

இங்கேயே நிறுத்தினால் நான் பொய் சொன்னவனாவேன். 2008இல் ஜெர்மனியின் பான் நகரில் ரஷ்யாவின் கிராம்னிக்கோடு உலகப் பட்டத்துக்காக ஆடியதற்குப் பின்னால் இருந்த உழைப்பு சாதாரணமானதில்லை. வாழ்நாளெல்லாம் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை நகர்த்தித் தொடங்கியவர், அந்தப் போட்டிக்காக ராணியின் சிப்பாய்க்கு மாறினார். கருப்புக் காய்களோடு ஆடிய மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில், உதவியாளர் குழுவோடு மாதக்கணக்கில் தோண்டி வைத்திருந்த ஒரே ஓப்பனிங்கில், அதாவது ஒரே தொடக்க நகர்த்தல் வரிசையில், கிராம்னிக்கை இரண்டு முறை வீழ்த்தினார். அதை விளையாட்டுத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று பாருங்கள். பாதி ராத்திரி வரை ஒரே பொசிஷனை உருட்டிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு ருசி ஏற்கெனவே ஏறியிருக்க வேண்டும். அந்த ருசி மணிலாவிலும் தால் கிளப்பிலும் ஏறியது. நாம் அந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தை வெட்டி எறிந்துவிட்டு, பான் நகரத்து உழைப்பை மட்டும் எடுத்து ஏழு வயதுப் பிள்ளைக்கு டைம் டேபிள் போடுகிறோம்.

ருசி போனால் என்ன ஆகும் என்பதற்கு நார்வேயின் கார்ல்சன் இருக்கிறார். ஐந்து முறை உலக சாம்பியன். 2022 ஜூலையில், இன்னொரு பட்டப் போட்டி ஆட ஊக்கம் இல்லை, அதில் எனக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கப்போவதில்லை என்று சொல்லிப் பட்டத்தையே விட்டுவிட்டார். எத்தனை பேர் திமிர் என்றார்கள்! அதே வருஷக் கடைசியில் கஜகஸ்தானின் அல்மாட்டியில் உலக ரேபிட் (பிளிட்ஸைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் தரும் வேக ஆட்டம்), உலக பிளிட்ஸ் இரண்டு பட்டத்தையும் அள்ளினார். பிடிக்காததை விட்டார், பிடித்ததை ஆடினார், இன்றும் பெரிய ஆட்டக்காரர்தான். அவர் விட்ட பட்டத்தை 2023இல் ஜெயித்த சீனாவின் டிங் லிரென், அதன் பிறகு மன அழுத்தத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார், பல மாதம் ஆடாமலேயே இருந்தார். இருவரில் யார் அதிகம் உழைத்தார்கள் என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். நம் ஊரில் இருவருக்கும் "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு" என்று ஒரே மருந்தைத்தான் எழுதிக் கொடுத்திருப்போம்.

எனக்குப் பிடித்த ஆனந்த், 2017 டிசம்பர் ஆனந்த். லண்டன் போட்டியில் கடைசி இடங்களில் முடித்திருந்தார். வயது 48. ஓய்வு எப்போது என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதே மாதம் ரியாத்தில் உலக ரேபிட் போட்டி. ஒன்பதாவது சுற்றில் கார்ல்சனையே தோற்கடித்துப் பட்டத்தையும் வாங்கிவிட்டார். தன் வயதில் பாதிகூட ஆகாதவர்களோடு, பழைய தால் கிளப் வேகத்தில்!

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. பிள்ளையின் சுகத்துக்குப் பின்னால் இன்னொருவரின் உழைப்பு இருக்கிறது. மதியம் டிவி முன்னால் உட்கார்ந்து புதிரைக் குறித்தது அம்மா. குகேஷுக்காக அவர் அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர் தொழிலை ஓரம் வைத்துவிட்டு ஊர் ஊராகக் கூடப் போனார். அம்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. பையனும் நாலாம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை விட்டான். ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வரும் ஒருவரிடம் போய், பிள்ளையை ரசித்து ஆட விடுங்கள் என்று சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

அதனால்தான் இதை அந்தந்த வீட்டுத் தலையில் கட்டக் கூடாது என்கிறேன். வார்டு நூலகத்திலும் மாநகராட்சிப் பூங்காவிலும் சாயங்காலம் நாலு மேஜை, நாலு போர்டு, நாலு கடிகாரம் போடுங்கள். தோற்றவன் எழுந்து வரிசையில் நிற்கட்டும், ஜெயித்தவன் உட்கார்ந்திருக்கட்டும். கோச், கட்டணம், ரேட்டிங் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.