பனை விதை நடுபவர்கள் பட்ட பனையையும் கொஞ்சம் பாருங்கள்

ஆவணி பிறந்தால் போதும், தருமபுரி, கிருஷ்ணகிரி ஏரிக்கரைகளில் பனை விதை நடவு தொடங்கிவிடும். கல்லூரி மாணவர்கள், இளைஞர் மன்றம், ஊராட்சி, வனத்துறை என எல்லாரும் கைகோக்கிற வேலை. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பேனரில் பனங்காடைப் பறவையின் படத்தைப் போட்டுவிட்டு, அது கூடு வைக்கிற, தலை பட்டு அதே கரையில் நிற்கும் மொட்டைப் பனையைச் செங்கல் சூளைக்கு ஏற்றிவிடுகிறோமே, அதுதான் உறுத்துகிறது.

பனங்காடை அரிய பறவை இல்லை, கரண்டுக் கம்பியில் தினமும் பார்ப்பதுதான் என்பார்கள். 2023-ல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையைப் பாருங்கள். நாடு முழுக்க 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துபோன பறவைகளின் வரிசையில் அதுவும் இருக்கிறது.

இந்தப் பறவைக்குப் பொந்து குடையத் தெரியாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்து வேண்டும், இல்லையென்றால் தலை போன பனையின் உச்சிக்குழி வேண்டும். பனைக்கு வெளியே வைரம் என்கிற கெட்டிக் கட்டை, உள்ளே சோறு என்கிற மெத்தென்ற பகுதி. காண்டாமிருக வண்டு குருத்தைத் தின்றோ இடி விழுந்தோ கொண்டை போய்விட்டால், மழைத்தண்ணீர் உச்சி வழியாக இறங்கிச் சோற்றை மக்கவைக்கும். வைரம் மட்டும் குழாய் மாதிரி நிற்கும். அந்தக் குழாயின் வாய்க்குள்தான் மூன்று முதல் ஐந்து முட்டை. பனங்காடை மட்டுமில்லை, கிளி, மைனா, புள்ளி ஆந்தை எல்லாம் இதே வீட்டுக்குப் போட்டி போடும்.

முட்டையிடும் காலம் பெரும்பாலும் மார்ச் முதல் ஜூன் வரை. சூளை எரிவதும் அதே கோடையில்தான். உச்சி மக்கிய பனை கூரை வேயும் கை, வாரை மரத்துக்கு ஆகாது என்பதால் அடிமாட்டு விலைக்கு விறகாகப் போகிறது. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். அதைச் சொல்லிப் பச்சைப் பனைக்குக் குரல் கொடுக்கிறோம். பட்ட பனைக்குப் பேச ஆளில்லை.

இந்த ஆண்டு நடும் விதை பாளை தள்ளவே பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு ஆகும். அது வளர்ந்து, முதிர்ந்து, செத்து, பொந்தாவது பேரன் காலத்தில். வருகிற பங்குனிக்கு வீடு தரப்போவது இன்று நிற்கும் மொட்டைப் பனைதான். ஆகவே தன்னார்வக் குழுக்கள் நடவுக்கு முன்னால் ஊரில் உள்ள பட்ட பனைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். வீடு, சாலை, மின்கம்பியிலிருந்து மரத்தின் உயரத்துக்கும் அதிகமாகத் தள்ளி நின்றால் தொட வேண்டாம். பட்டாவில் நிற்பது என்றால் சூளைக்காரர் தரும் விலையைக் குழுவே கொடுத்துவிட்டு மரத்தை அங்கேயே நிற்க விடலாம். நடவு விழாவின் சாப்பாட்டுச் செலவில் சில மரங்களாவது மிஞ்சும். ஆபத்தான இடமாக இருந்தால் அடியோடு சாய்க்காமல் 20 அடி விட்டு வெட்டச் சொல்லுங்கள். வெட்டுவாயில் தண்ணீர் இறங்கி அதுவும் நாளடைவில் குழியாகும்.

உயிருள்ள பனையிலும் ஒரு கெட்ட பழக்கம் பரவுகிறது. கரை ‘அழகாக’ இருக்க வேண்டுமென்று காய்ந்து தொங்கும் காவோலையை மொத்தமாகக் கழித்துவிடுகிறார்கள். பனை உழவாரன் என்கிற சின்னப் பறவை எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு கட்டுவது தொங்குகிற ஓலையின் அடியில்தான். காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்த கதை நமக்குத் தெரியும், இங்கே சிரிப்பது நாம்.

இனி விதை. பெரும்பாலான நடவு தோற்பது மூட்டையிலேயே. பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி, தலைவர் தேதி கொடுக்கும்வரை வைத்திருப்பார்கள். மூன்று, நான்கு வாரத்தில் உள்ளேயே முளைவிட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிரிக்கும்போது முளை ஒடியும். பனையில் கரு விதைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதில்லை, முளையின் நுனியோடு சேர்ந்து மண்ணுக்குள் இறங்கிப் போகும். நுனி ஒடிந்தால் கதை முடிந்தது. பொறுக்கிய வாரத்திலேயே நட்டுவிடுங்கள், விழா அப்புறம் நடக்கட்டும்.

ஒரு அடிக் குழி, பத்தடி இடைவெளி, முளை வரும் கண் கீழ்ப்பக்கம். குழிக்குக் கீழே இன்னும் இரண்டு அடியாவது மண் வேண்டும். நம் பக்கத்தில் கடப்பாரை ‘டங்’ என்று பாறையில் முட்டும் இடங்கள் அதிகம், அங்கே முளைக்கு இறங்க வழியில்லை, இடம் மாற்றுங்கள். கரையின் மேல்மட்டத்தில் நட்டால் அடுத்த தூர்வாரலில் ஜேசிபி மண்ணுக்குள் போய்விடும், வெளிச்சரிவின் அடியில் நடுவது நல்லது. புரட்டாசியில் நட்டது தையில் கிழங்காக இருக்கும். யார் தோண்டித் தின்றார்கள் என்று தேட வேண்டாம், பாதி நம்மவர்கள், மீதி காட்டுப்பன்றி. முதல் ஓலை வெளியே தெரிய ஓராண்டுவரை ஆகலாம் என்பதால், ‘ஒன்றும் முளைக்கவில்லை’ என்று மறுபடி குழி தோண்டிக் கிழங்கை வெட்டிவிடாதீர்கள். விதை எத்தனை நட்டோம் என்பதை விட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டில் எத்தனை ஓலை நிற்கிறது என்று எண்ணிப் போடுங்கள்.

மேய்ச்சல் புறம்போக்கில் நெருக்கமாகக் காடு வளர்க்கக் கிளம்புகிறவர்களுக்கும் ஒன்று. பனங்காடை கம்பியிலிருந்து திறந்த தரையில் பாய்ந்து வெட்டுக்கிளி, வண்டு, தேள் பிடிக்கிற பறவை. தரை தெரியாத தோப்பு அதற்கு வயிற்றிலடி. பூ எடுத்ததிலிருந்து மாந்தோப்பில் அடிக்கிற மருந்தும் அப்படித்தான். அதைத் தனிப்பதிவாகத்தான் எழுத வேண்டும்.

ஏரி யாருடையது என்று முதலில் கேளுங்கள். 40 ஹெக்டேருக்குக் குறைவான பாசனம் என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத்துறை. நடவுக்கு அனுமதி கேட்டுக் கடிதம் கொடுக்கும்போதே பட்ட பனைகளின் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள். ஏரி வேலைக்கான செலவு மதிப்பீட்டில் ‘கரை சுத்தம் செய்தல்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து, அந்த மரங்களை அதிலிருந்து விலக்கி எழுதச் சொல்லுங்கள். வேலை உத்தரவு போட்ட பிறகு போய் நின்றால் யாரும் நிறுத்தமாட்டார்கள்.