அந்த ஸ்கேன் ஈரல் புற்றுநோயைக் கரைக்காது

இரண்டு வாரமாக ஆரையம்பதி, களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு குரல்பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஈரல் புற்றுநோய்க்குப் புது முப்பரிமாண ஸ்கேன் வந்துவிட்டதாம், அந்தக் கதிரே கட்டியைக் கரைத்துவிடுமாம், மருந்தே வேண்டாமாம்.

பொய். அந்த ஸ்கேன் வழிகாட்டும் படம் மட்டும்தான். சிகிச்சையைச் செய்வது தொடை அல்லது மணிக்கட்டு நாடி வழியாக ஈரல் வரை கொண்டுபோகும் மெல்லிய குழாய்.

ஏன் நாடி வழியாக? ஈரலுக்குப் போகும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி குடல் பக்கமிருந்து வாயினாளம் என்ற பெரிய இரத்தக் குழாயில் வருகிறது, ஆனால் ஈரலிலேயே தொடங்கும் புற்றுக்கட்டி பெரும்பாலும் ஈரல் நாடியிலிருந்துதான் இரத்தம் எடுக்கிறது, அதனால் அந்த நாடிக் கிளைக்குள் மருந்தைக் கொடுத்து அதை அடைத்தும்விட்டால் அடி கட்டிக்கு விழும், நல்ல ஈரல் பெரும்பாலும் தப்பும். சரி, எந்தக் கிளை? சாதாரண எக்ஸ்ரே படத்தில் கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பும். அப்போது இரத்தக் குழாய்களைப் படத்தில் தெளிவாகக் காட்டும் சாயமருந்தை ஏற்றி, நோயாளி மூச்சை அடக்கியிருக்க, எக்ஸ்ரே கருவி அவரைச் சுற்றிச் சில நொடிகள் சுழலும். கணினி முப்பரிமாணப் படத்தைக் கட்டித் தரும்.

2002இல் வெளியான பார்சிலோனா, ஹொங்கொங் ஆய்வுகளில், இந்தச் சிகிச்சை பெற்ற, ஒபரேஷன் செய்ய முடியாத நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். முழுக் குணம் என்று அவை சொல்லவில்லை.

குரல்பதிவைக் கேட்டுவிட்டு கிளினிக்கை நிறுத்தியவர்கள் தயவுசெய்து இந்த வாரமே திரும்பப் போங்கள். சிறுநீரகக் கோளாறோ ஒவ்வாமையோ இருந்தால், சாயமருந்து ஏற்றுமுன் வைத்தியரிடம் சொல்லுங்கள்.