ஆயத்தம் அவரவர் வீட்டில்

அந்த ஸ்க்ரீன்ஷாட் உங்களில் பாதிப் பேருக்கு வந்திருக்கும். வராதவர்களுக்கு இன்று ராத்திரிக்குள் வந்துவிடும். நம் சபை ஆட்கள் இந்த ஒரு காரியத்தில் மட்டும் படு சுறுசுறுப்பு. அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. எங்கள் சபை வட்டாரமான சேகரத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் நான் கேட்டது ஒரே கேள்வி: "சனிக்கிழமை ஆயத்த ஆராதனை உண்டா, இல்லையா?" வந்த பதில்: "சவுண்ட் செக் இருப்பதால் இந்த மாதம் ஆயத்தம் அவரவர் வீட்டில் செய்துகொள்ளவும்." பின்னால் இரண்டு கும்பிடு, ஒரு புறா. அந்தக் கேள்விக்காகவும், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் நற்கருணைக்கு எழுந்து போகாததற்காகவும் என்னைப் பற்றி எழுதினவர்களுக்குத்தான் இந்தப் பதில்.

புறா எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மற்ற மதத்து நண்பர்களும் இதைப் படிப்பதால் ஒரு வரி விளக்கம். நற்கருணை என்பது இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் வாங்குவது; ஆச்சி காலத்துப் பேச்சில் ராப்போஜனம். அந்த ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் அரைமணி நேரம், முக்கால் மணி நேரம் ஓர் ஆராதனை இருக்கும். பாட்டு குறைவு, பிரசங்கமும் குறைவு. போன நற்கருணையிலிருந்து இன்றுவரை நான் எப்படி இருந்தேன் என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்ப்பதற்கான நேரம் அது. சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயிலில் ஐயர் (பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) பத்துக் கற்பனைகளையும், அதாவது பத்துக் கட்டளைகளையும், ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்துவார். அந்த நிறுத்தம் எனக்குப் பயமாக இருக்கும். "களவு செய்யாதிருப்பாயாக" என்று சொல்லி நிறுத்தும்போது, ஆச்சியின் சுருக்குப்பையிலிருந்து எடுத்த நாலணா என் கண் முன்னால் வந்து நிற்கும்.

அதை இனி அவரவர் வீட்டில் செய்துகொள்ள வேண்டுமாம்.

சரி, வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அடுத்தவர் வீடு எதற்கு, என் வீட்டையே சொல்கிறேன். சனிக்கிழமை ஏழு மணிக்கு மாவு ஆட்டி முடியும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சேலைக்கு இஸ்திரி. மகன் பெங்களூரிலிருந்து வீடியோ காலில் வருவான். இவர் டிவியில் ஏதோ ஒரு விவாதத்தைச் சத்தமாக வைத்திருப்பார். பத்து மணிக்குப் படுக்கையில் விழுந்து, "ஆண்டவரே, தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்களை மன்னியும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவேன். என் ஆயத்தம் இவ்வளவுதான். "தெரிந்தும்" என்றால் எது என்று ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. அவரவர் வீட்டில் என்றால் யாரும் செய்யப் போவதில்லை என்று அர்த்தம். அதை அப்படியே போட்டிருக்கலாம், புறா மிச்சம்.

என் அப்பாவைப் பெற்ற ஆச்சிக்கு எழுத்து வாசனை குறைவு. சாத்தான்குளம் பக்கம் ஒரு தேரிக்காட்டுக் கிராமம். ஆயத்த ஆராதனை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வர மாட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பை முக்காடு போட்டபடியே யார் வீட்டுக்காவது போவாள். ஒருமுறை அவளுடைய மதினி வீட்டுக்குப் போனோம். ஓலைப்பெட்டி ஒன்றை இரவல் வாங்கி, விளிம்பு பிய்ந்த நிலையில் திருப்பிக் கொடுத்ததில் இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை. ஆச்சி வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டு, "மைனி, நாளைக்கு ராப்போஜனம். எம்மேல எதும் இருந்தா சொல்லிருங்க" என்றாள்.

உள்ளே இருந்து பதில் வந்தது. "இருக்கு. உக்காரு."

அப்புறம் அரைமணி நேரம் அந்தக் கிழவி வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஓலைப்பெட்டியில் தொடங்கி, என் அத்தை கல்யாணத்தில் பந்தியில் யாரை முதலில் உட்கார வைத்தார்கள் என்பதுவரை போனது. ஆச்சி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. திண்ணையில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் கருப்பட்டிக் காப்பி வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பும்போது மதினி அதே பெட்டியில் நாலு பனங்கிழங்கு போட்டுக் கொடுத்தாள். பிய்ந்த விளிம்பு நாரால் தைத்திருந்தது. யார் தைத்தது என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

சவுண்ட் செக் முக்கியம்தான். மறுக்கவில்லை.

"இது வேதாகமத்தில் இல்லாத சடங்கு" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, சனிக்கிழமை ஆறரை மணி என்று வேதத்தில் இல்லை, உண்மை. ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணி என்றும் இல்லை. ஆனால் "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து" என்று கொரிந்து ஊர்ச் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதினது இருக்கிறது. அதை வைத்துத்தான் 1662-ஆம் வருஷத்து ஆங்கிலிக்க (இங்கிலாந்துத் திருச்சபை) ஜெபபுத்தகம், நற்கருணை வாங்க நினைப்பவர்கள் முந்தின நாளாவது குருவானவரிடம் பெயர் கொடுக்க வேண்டும் என்று போட்டது. அதோடு விடவில்லை. இரண்டு பேருக்குள் பகை இருப்பது குருவுக்குத் தெரிந்தால், ஒப்புரவாகும்வரை அவர்களைப் பந்திக்குச் சேர்க்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. (இந்த வரியை நினைவில் வையுங்கள். கடைசியில் எனக்கே வேண்டியிருக்கிறது.)

ஆங்கிலிக்கம் வேண்டாமா? 1947 செப்டம்பர் 27-ல் நம் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கரோடு மெதடிஸ்டுகளும்தானே சேர்ந்தார்கள். அவர்களுடைய ஜான் வெஸ்லி 1742-ல் பிரிஸ்டலில் ஒரு ஏற்பாடு செய்தார். ஜெபவீடு கட்டின கடனை அடைக்கப் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர். அவர் வாரம் ஒரு பென்னி வசூலிக்க வீடு வீடாகப் போக வேண்டும். போன இடத்தில் இன்னார் குடிக்கிறார், இன்னார் பெண்டாட்டியோடு சண்டை என்றெல்லாம் தெரியவர, வசூல் கூட்டமே "உன் ஆத்துமா எப்படி இருக்கிறது" என்று வாராவாரம் விசாரிக்கும் கூட்டமாக மாறிவிட்டது. நம்மிடமும் சங்கக் காணிக்கை வாங்க வீட்டுக்கு ஆள் வருகிறார். ரசீது கிழித்துக் கொடுக்கிறார், தண்ணீர் குடிக்கிறார், போகிறார். அவர் என் ஆத்துமாவைப் பற்றிக் கேட்டால் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். கதவைச் சாத்தியிருப்பேன். அதனால் அவரைக் குறை சொல்லவில்லை.

அடுத்து, பெரிய குண்டு. "அக்கா, நாம கிருபையின் காலத்துல இருக்கோம். தன்னையே நோண்டிக்கிட்டு இருக்கிறது நியாயப்பிரமாணம்." நியாயப்பிரமாணம் என்றால் மோசேயின் பழைய சட்டம்; அது போய் இலவச மன்னிப்பின் காலம் வந்துவிட்டது என்கிறார். இதற்கு முப்பத்தெட்டு லைக். இந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வலித்தது, "நோண்டுறது". ஐயா, கிருபை கிருபை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த அதே பவுல்தான் "உங்களை நீங்களே சோதித்து அறியுங்கள்" என்றும் எழுதினார். "தேவனே, என்னை ஆராய்ந்து" என்று 139-ஆம் சங்கீதத்தில் கெஞ்சுகிறவன், ஆராயப்பட்டால் அடித்துக் கொல்லப்படுவோம் என்று நினைக்கிறவன் மாதிரியா பேசுகிறான்? டாக்டர் நல்லவர் என்று நம்புகிறவன்தான் சட்டையைக் கழற்றுவான்.

ஒருவர் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரை இழுத்தார். துறவியாக இருந்த நாட்களில் லூத்தர் தன் பாவங்களை மணிக்கணக்கில் அறிக்கை செய்து, தன் ஆன்மிக வழிகாட்டி ஸ்டௌப்பிட்ஸை ஒரு வழியாக்கியது உண்மைதான். ஆனால் அதே லூத்தர் 1517-ல் எழுதின தொண்ணூற்றைந்து கருத்துகளில் முதலாவது என்ன? விசுவாசியின் முழு வாழ்க்கையும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். லூத்தரை வைத்து என்னை அடிக்கிறவர்கள் முதல் வரியையாவது வாசித்துவிட்டு வாருங்கள்.

இருந்தாலும், இந்த எதிர்ப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். எங்கள் சித்தி ஒருத்தி பதினாறு வருஷம் நற்கருணை வாங்கவில்லை. தகுதியில்லாமல் வாங்கக் கூடாது என்று பவுல் சொல்லும் இடத்தில் வரும் "அபாத்திரமாய்" என்ற வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பாட்டு முடிந்ததும் செருப்பைத் தேடி வெளியே வந்துவிடுவாள். இதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. பயமுறுத்துகிற ஆயத்தம் ஆயத்தமில்லை என்று மட்டும் சொல்ல முடியும். ஆனால் சித்திக்கு யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "வா, சேர்ந்து போவோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். அவளும் எல்லாவற்றையும் அவரவர் வீட்டில்தான் செய்தாள்.

இன்னொன்று. பவுல் எந்தச் சூழ்நிலையில் அதை எழுதினார் என்று பாருங்கள். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முன்னால் வந்து தின்று முடித்துவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." அதைக் கண்டித்துவிட்டுத்தான் சோதித்தறியச் சொன்னார். ஆகவே அங்கே நோண்டச் சொன்னது தொப்புளை இல்லை, பந்தியை. நம் அசனத்தில், அதாவது சபை விருந்தில், ஃபேனுக்குக் கீழே மேஜை போட்டு, தனிக் கிண்ணத்தில் கறி வைத்து யாரை உட்கார வைத்தோம், வெயிலில் வரிசையில் யாரை நிறுத்தினோம் என்று நான் பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. விட்டுவிடுகிறேன். மேஜையில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி.

"வருகிறது பதினோரு பேர். அதற்கு எதற்கு கரண்ட் செலவு?" இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கருக்கும் கலர் லைட்டுக்கும் ஆன கரண்டைப் பற்றிப் பேசலாமா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை. பதினோரு பேரில் நான் ஒரு ஆள்.

எங்கள் ஆபீசில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் சொன்னாள், சேசு சபைக் குருக்கள் மத்தியானமும் ராத்திரியும் தங்களைப் பரிசோதிப்பார்கள் என்று. அந்தச் சபையைத் தொடங்கின இக்னேஷியஸ் லயோலாவின் ஆன்மிகப் பயிற்சிப் புத்தகத்தை 1548-ல் போப் அங்கீகரித்தார். ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு கோடு போட்டு, விழும்போதெல்லாம் கோட்டின்மேல் ஒரு புள்ளி வைக்கச் சொல்கிறார் அதில். நேற்றைவிட இன்று குறைந்ததா, போன வாரத்தைவிட இந்த வாரம் குறைந்ததா என்று ஒப்பிட வேண்டும். கணக்குப்பிள்ளை வேலை மாதிரி இருக்கிறதே என்று சிரித்தேன். ஆனால் அன்றாடப் பொதுவான பரிசோதனையில் முதல் படி நன்றி சொல்வதாம், பாவம் அதற்கு அப்புறம்தானாம். சித்திக்கு இதை யாரும் சொல்லவில்லையே என்று இருந்தது.

நானும் செய்து பார்த்தேன். சமையலறையில் தொங்கும் பேங்க் காலண்டரில், தேதிக்குக் கீழே பென்சிலால். என் குற்றம், புறம் பேசுவது. முதல் வாரம் இருபத்திமூன்று புள்ளி. இவர், "பால் கணக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன், அதற்கு ஒரு புள்ளி வைத்திருக்க வேண்டும். இரண்டாவது வாரம் பத்தொன்பது. மூன்றாவது வாரம் நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அதற்குள் எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது: முக்கால்வாசிப் புள்ளி ஒரே வீட்டைப் பற்றியது. என் தம்பி வீடு.

இதற்கிடையில், "அம்மாவுக்குக் கமிட்டி தேர்தல் கோபம்" என்று ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். நான் தேர்தலில் நிற்கவே இல்லை. நின்றது இவர். தோற்றது நாலு ஓட்டில். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ரொம்ப இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காரியத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை ஆறரைக்கு நான் போனேன். உள்ளே "மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." வெளியே வேப்பமரத்தடியில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தோம். ஒரு வயசான வாத்தியார் சங்கீதம் வாசித்தார். பாதி வார்த்தை டிரம்ஸ் சத்தத்தில் கேட்கவில்லை. "வேதனை உண்டாக்கும் வழி என்னிடத்தில் உண்டோ என்று பார்த்து" என்ற வரியில் டிரம்ஸ்காரர் எதற்கோ நிறுத்தினார். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் எங்கள் வரிசை எழுந்து முன்னால் போனபோது நான் உட்கார்ந்தே இருந்தேன். அதைத்தான் புறக்கணிப்பு, போராட்டம், நாடகம் என்று எழுதுகிறீர்கள். ஒரு மகராசி, "பாடகர் குழுவை அவமானப்படுத்தியது" என்று எழுதியிருக்கிறாள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது அம்மா. மனசாரச் சொல்கிறேன்.

அப்பா கட்டின வீட்டைப் பங்கு பிரித்ததில் நானும் தம்பியும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. நான் கேட்ட பாகம் நியாயமானதுதான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கையெழுத்துப் போடுகிற அன்று அவன் பெண்டாட்டியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேன். இங்கே எழுதுகிற வார்த்தை இல்லை. இந்த ஆறு வருஷமும் மாதா மாதம் முன்னால் போய் முழங்கால்போட்டு, கை நீட்டி வாங்கியிருக்கிறேன். ஆயத்த ஆராதனையிலும் உட்கார்ந்துதான் இருந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். வருகிற பதினோரு பேரும் பரிசுத்தவான்கள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

நேற்று சாயங்காலம் தம்பிக்கு போன் அடித்தேன். எடுத்தது அவள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் குக்கர் விசில் சத்தம். அப்புறம், "மைனி, அவுக தூத்துக்குடி போயிருக்காவ. நாளைக்கு ஏழு மணிக்கு மேல கூப்பிடுங்க" என்றாள்.

மணி இப்போது ஆறு நாற்பது. கமெண்ட்டில் யார் என்ன எழுதினாலும் எட்டு மணிக்கு மேல்தான் பார்ப்பேன்.