பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன், கமிஷன் யாருக்குப் போகிறது என்று கேளுங்கள்

மதுரையில் காளவாசலில் இருந்து பழங்காநத்தம் வரை பைபாஸ் ரோட்டில் மாடிகளைப் பார்த்துக்கொண்டே போனால் எத்தனை நாட்டுக் கொடிகள்! யுகே, கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி. அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் இதே போர்டுகள்தான். "ஸ்பாட் அட்மிஷன்", "ஐஈஎல்டிஎஸ் தேவையில்லை", "கவுன்சிலிங் முற்றிலும் இலவசம்". அந்த மூன்றாவது வரியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பதிவு நீளம்தான். செப்டம்பர் இன்டேக், ஜனவரி இன்டேக் என்று உங்கள் வீட்டிலும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

வங்கியில் கல்விக் கடன் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கும் தெரிந்தவர்கள் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "இதை வச்சா எவ்வளவு கிடைக்கும் சார்?" என்று கேட்கிறார்கள். எந்த யுனிவர்சிட்டி, என்ன படிப்பு என்று திருப்பிக் கேட்டால் பல நேரம் பிள்ளைக்கே முழுப்பெயர் வாயில் வராது. "கன்சல்டன்சில இதுதான் நல்லதுன்னு சொன்னாங்க" என்பதுதான் பதில். சொன்னவருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று விசாரித்தவர்கள் ரொம்பக் குறைவு.

அவருக்குப் பணம் தருவது அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம். உங்கள் பிள்ளை போய்ச் சேர்ந்து கட்டணம் கட்டியதும், முதல் வருடக் கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்று ஏஜெண்டுக்குப் போகும். நம் ஊரில் இருக்கும் சின்ன அலுவலகங்கள் பலவும் வேறு பெருநகரத்தில் இருக்கும் பெரிய ஏஜென்சிக்குக் கீழே சப்-ஏஜெண்டாக இருப்பவை. கமிஷன் இரண்டாகப் பிரியும். 16,000 பவுண்டு கட்டணத்துக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 2,400 பவுண்டு. நம் காசில் இரண்டரை லட்சத்துக்கு மேல். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. உழைப்புக்குக் கூலி வாங்குவதில் தப்பும் இல்லை. நேர்மையாக வழிகாட்டுகிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், எனக்கே தெரியும். ஆனால் ஒத்தக்கடைப் பக்கம் நாலு சென்ட் மனை பார்க்கப் போனால்கூட புரோக்கரிடம் "உங்களுக்கு எவ்வளவு, அந்தப் பக்கமும் வாங்குறீங்களா?" என்று கேட்காமல் விடமாட்டோம். முப்பது லட்சம் ரூபாய் படிப்புக்கு மட்டும் அந்தக் கேள்வி நம் வாயில் வருவதில்லை.

அமெரிக்காவில் 1992-ல் உயர்கல்விச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். மாணவரைச் சேர்த்துவிடுவதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கும் கல்லூரி, மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டத்தில் இருக்க முடியாது. ஆள் பிடிக்கக் காசு கொடுத்தால் தகுதியில்லாத படிப்பில் பிள்ளைகளைத் தள்ளிவிடுவார்கள் என்று பட்டுத் தெரிந்துகொண்டுதான் அந்தத் தடை. ஆனால் அதே இடத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது. அமெரிக்க அரசின் உதவிக்குத் தகுதியில்லாத, வெளிநாட்டில் வசிக்கும் மாணவர்களைச் சேர்ப்பதற்கு இந்தத் தடை கிடையாது. தன் நாட்டுப் பிள்ளைக்கு ஆபத்து என்று அடைத்த வழியை, மேலூர்ப் பிள்ளைக்கும் திருமங்கலத்துப் பிள்ளைக்கும் திறந்தே வைத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமே கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வருடத்துக்கு 11,904 யூரோ பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்ட வேண்டும். அது பிள்ளை கைக்கே மாதாமாதம் திரும்ப வரும் பணம். 2022 நவம்பரிலிருந்து நம் நாட்டு மாணவர்களுக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். மதிப்பெண் பார்ப்பார்கள், மொழி கேட்பார்கள், இழுத்தடிக்கும். ஆனால் கட்டணம் இல்லாத இடத்தில் சதவீதம் எங்கிருந்து வரும்? அதனால்தான் ஜெர்மனி என்று கேட்டுப் போன பிள்ளைகளிடம், வருடம் பத்து லட்சத்துக்கு மேல் கட்டணம் வாங்கும் தனியார் யுனிவர்சிட்டி பிரௌச்சரை நீட்டுகிறார்கள். ஜெர்மனி என்று கொடியைப் பார்த்து உள்ளே போகிறவருக்கு அரசு எது, தனியார் எது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

இனி கடன் கதைக்கு வருகிறேன். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் என் மேஜையில் வைத்த பத்திரங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. பாலிதீன் கவருக்குள் மூலப்பத்திரம், மடிப்பு மடிப்பாகக் கிழிந்து பின்னால் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தார்கள். கூடவே பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, கிணற்றோடு சேர்ந்த நஞ்சை மூன்று ஏக்கர். "அண்ணே, விவசாய நிலத்தை எடுக்க மாட்டாங்க" என்றேன். கடன் திரும்பி வராமல் போனால் ஈட்டுச் சொத்தை எடுத்து விற்க வங்கி கையில் இருக்கும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்தைத் தொடாது. அதனால் வங்கிகள் பெரும்பாலும் அதை ஈடாக வாங்குவதில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப வீட்டத்தான் வைக்கணுமா?" என்றார். மகன் பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "போனதும் ஆறு மாசத்துல பார்ட் டைம்லயே கட்டிருவான்னு கன்சல்டன்சில சொல்றாக சார்" என்றார் அந்த அப்பா. பார்ட் டைமில் சாப்பாடும் வாடகையும் ஓடினாலே பெரிய விஷயம். பிரிட்டனில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க விசா இடம் கொடுக்காது.

அன்றைக்கு அவருக்குத் தாளில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் போடுகிறேன். 30 லட்சம் கடன், 11 சதவீத வட்டி. படிப்பு ஒரு வருடம், அதற்குப் பிறகு ஒரு வருடம் தவணை கிடையாது. தவணைதான் கிடையாது, வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். வருடத்துக்கு 3 லட்சத்து 30 ஆயிரம். கட்ட ஆரம்பிக்கும்போது கடன் 36 லட்சத்து 60 ஆயிரமாக நிற்கும். 15 வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் மாதம் 40 ஆயிரத்துக்கு மேல். அங்கே வேலை கிடைத்துவிட்டால் இது ஒன்றும் இல்லை. கிடைக்காமல் திரும்பி வந்து மதுரையில் 20, 25 ஆயிரத்துக்கு வேலைக்குப் போகும் பிள்ளையின் வீட்டில் இந்த 40 ஆயிரம் என்ன செய்யும் என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். தங்கையின் நகை அடகுக்குப் போகும், பிறகு வாடகைக்கு விட்ட மாடி விற்பனைக்கு வரும். பெரும்பாலும் அப்பாதான் வங்கிக்கு வந்து நிற்பார்; பிள்ளை வர வெட்கப்படும்.

இவ்வளவு பணம் அங்கே எதற்குத் தேவைப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவரிடம் வாங்கும் இளநிலைக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017-லிருந்து 9,250 பவுண்டிலேயே நிறுத்தி வைத்திருந்து, 2025-ல்தான் 9,535 ஆக்கினார்கள். இடையில் விலைவாசி எங்கேயோ போய்விட்டது. வெளிநாட்டு மாணவரின் கட்டணத்துக்கு வரம்பே இல்லை. பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே நம் பணம் போய் நிரப்புகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலும் 2019-ல் உள்நாட்டுக் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து அப்படியே உறைய வைத்தார்கள். அங்கே கல்லூரிகள் இந்திய மாணவர்களை நம்பியே ஓடின. பல்கலைக்கழகத்துக்குப் பணம் போதவில்லை என்ற நெருக்கடி நமக்கும் புதிதில்லை. காமராசர் பல்கலைக்கழகம் சம்பளம் கொடுக்கத் திணறியதைப் பத்திரிகைகளில் படித்தோமே. அங்கே அந்தக் குறையை அடைக்க நம் பிள்ளைகள் கிடைத்தார்கள்.

தேவைப்படும்போது திறக்கும் கதவு, அங்கே வீட்டு வாடகை ஏறினாலோ தேர்தல் வந்தாலோ மூடும். 2024 ஜனவரியில் கனடா மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு அறிவித்தது. கையில் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணத்தை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக ஏற்றியது. நம் பிள்ளைகள் அதிகம் பயன்படுத்திய எஸ்டிஎஸ் விரைவு வழியை 2024 நவம்பர் 8-ம் தேதி ஒரே நாளில் நிறுத்தியது. ஆஸ்திரேலியா மாணவர் விசாக் கட்டணத்தை 710 டாலரிலிருந்து 1,600 ஆக்கி, மறு வருடமே 2,000 ஆக்கியது. பிரிட்டனில் படிப்பு முடிந்து இரண்டு வருடம் தங்கி வேலை தேடலாம் என்ற கிராஜுவேட் ரூட், 2027 ஜனவரி 1-லிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். 2026 செப்டம்பரில் ஒரு வருட முதுநிலைக்குச் சேரும் பிள்ளைக்கு இந்தப் புது விதிதான் பொருந்தும். ஒரு நாடு தன் விதியை மாற்றுவது அதன் உரிமை, அதில் நாம் சண்டை போட முடியாது. ஆனால் விதி மாறினாலும் நம் வட்டி மாறாது. பழைய விதியைச் சொல்லி அட்மிஷன் போட்ட ஏஜெண்டு தன் கமிஷனைத் திருப்பித் தரப்போவதும் இல்லை.

இந்த மண்ணுக்கு ஆள் அனுப்பும் தொழில் தெரியாததல்ல. மலேயா தோட்டங்களுக்கும் இலங்கைத் தேயிலை மலைக்கும் மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். தலைக்குக் காசு வாங்கினார்கள். கூலிக்காரர் முன்பணக் கடனோடுதான் கப்பல் ஏறினார். இலங்கைக்குப் போகிறவர்களை நிறுத்திவைத்து அனுப்பிய மண்டபம் முகாமைத் தாண்டிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். விரும்பிப் படிக்கப் போகும் பிள்ளையின் நிலை அதுவல்ல, நான் இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆனால் தலைக்குக் காசு வாங்குகிறவர் போகும் இடத்தைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்பதை நம் தாத்தாக்கள் கண்ணீரோடு கற்றார்கள்.

இன்றைக்குத் துபாய்க்கு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும். படிக்க அனுப்புகிறவரை அந்தச் சட்டம் கேட்பதில்லை. பஞ்சாப் மாநிலம் 2012-ல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் கன்சல்டன்சிகளையும் ஐஈஎல்டிஎஸ் பயிற்சி மையங்களையும் பதிவுக்குள் கொண்டுவந்தது. அப்படியும் 2023-ல் போலி ஆஃபர் லெட்டரால் கனடாவில் பஞ்சாப் பிள்ளைகள் நாடுகடத்தும் நோட்டீஸோடு தெருவில் உட்கார்ந்தார்கள். சட்டம் வந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் தமிழ்நாடு அரசு ஒன்று செய்யலாம்: எந்தப் பல்கலைக்கழகத்திடமிருந்து எத்தனை சதவீதம் வாங்குகிறோம் என்பதை, மாணவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் தர வேண்டும் என்று ஆக்கலாம். அரசுக்குச் செலவே இல்லை.

போகாதீர்கள் என்று நான் யாரையும் தடுக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்ட கடன்களில் ஆராய்ச்சி வரை போய், குடும்பத்தையே தூக்கி நிறுத்திய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தாங்களே பல்கலைக்கழக இணையதளத்தில் உட்கார்ந்து, பேராசிரியருக்கு மெயில் போட்டு, ஸ்காலர்ஷிப் தேடிப் போனவர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ், ஜெர்மனியின் டாட் (DAAD), பிரிட்டனின் செவனிங் எல்லாம் ஏஜெண்டு இல்லாமலே விண்ணப்பிக்கக் கூடிய ஸ்காலர்ஷிப்கள். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் இருக்கிறது. தகுதி இருந்தும் கேள்வியேபடாமல் வீட்டுப் பத்திரத்தோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக நம் ஊர்க் கல்லூரிகளிடம் ஒரு வேண்டுகோள். நூறு வருடம் தாண்டிய கல்லூரிகள் இருக்கும் ஊர் இது. இறுதியாண்டு மாணவர்களை உட்கார வைத்து, கன்சல்டன்சிக்காரருக்கு மைக்கைக் கொடுத்துவிட்டு "அயல்நாட்டுக் கல்வி விழிப்புணர்வு" என்று பேனர் கட்டுவதை நிறுத்துங்கள். ஹால் கேட்டு வருகிறவரிடம் கமிஷன் விவரத்தை முதலில் எழுத்தில் வாங்குங்கள். அதைவிட, உங்கள் பழைய மாணவர்களையே அழையுங்கள். அங்கே வேலை கிடைத்து நிலைத்தவர் ஒருவர், கிடைக்காமல் கடனோடு திரும்பியவர் ஒருவர். இரண்டு பேரும் ஒரே மேடையில் உட்கார்ந்து, எவ்வளவு செலவானது, எவ்வளவு சம்பாதித்தோம் என்று பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ரூபாய்க் கணக்கில் சொல்லட்டும்.