பதினேழாம் நம்பரும் பஸ் ஏறாத டீச்சரும்

(நகரப் பேருந்துகளின் தடங்களை மாற்றியமைத்த மறுவாரம். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் கையில் மனுவோடு பக்கத்து வீட்டுக் கதிர்வேலைத் தேடி வருகிறார். கதிர்வேல் எட்டாம் வகுப்பில் அவரிடம் கணக்குப் படித்தவர், இப்போது டவுன் பஸ் டிரைவர். அவருக்குக் கணக்கு வராது என்பது டீச்சரின் நெடுநாள் தீர்ப்பு.)

டீச்சர்: கதிர், டியூட்டி முடிந்து வந்துவிட்டாயா? இந்தா, இதில் ஒரு கையெழுத்துப் போடு.

கதிர்: எதுக்கு டீச்சர்?

டீச்சர்: முதலில் போடு, அப்புறம் படிக்கலாம். தெருவில் எல்லாரும் அப்படித்தான் போட்டார்கள்.

கதிர்: நான் டிப்போ ஆள். எங்கள் ஆபீஸ் மேலே நானே மனுக் கொடுத்தால் மறுநாள் என் பெயருக்கு மெமோ வரும்.

டீச்சர்: சரி, காது கொடுத்தாவது கேள். "ஐயா, எங்கள் தெருவின் உயிர்நாடியாக விளங்கிய 17-ஆம் எண் பேருந்தை இரவோடு இரவாக மெயின் ரோட்டுக்குக் கடத்திவிட்டீர்கள். பேருந்தின்றி நாங்கள் தவியாய்த் தவிக்கிறோம்."

கதிர்: நன்றாக இருக்கிறது. கடைசியாக 17-ல் நீங்கள் எப்போது ஏறினீர்கள்?

டீச்சர்: இந்தக் கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை.

கதிர்: அந்த ரூட்டில் நான்தான் வருஷக்கணக்கில் வண்டி ஓட்டினேன். உங்களை ஒரு நாள்கூட உள்ளே பார்த்ததில்லை.

டீச்சர்: எனக்குத்தான் ஸ்கூட்டர் இருக்கிறதே! ஆனால் ஸ்கூட்டர் மக்கர் பண்ணினால், பஸ் இருக்கிறது என்கிற தைரியம் வேண்டாமா?

கதிர்: ஆக, இத்தனை நாளும் டீசல் ஊற்றி, ஆள் போட்டு, உங்கள் தைரியத்தைத்தான் தெருத் தெருவாக ஓட்டிக்கொண்டிருந்தோம்.

டீச்சர்: என் ஒருத்தியின் தைரியம் என்று நினைக்காதே. பக்கம் பக்கமாகக் கையெழுத்து இருக்கிறது, பார்.

கதிர்: கொடுங்க. இவருக்குக் கார். இவர் வீட்டில் ஆளுக்கொரு பைக். இவர்… டீச்சர், இவர் வெளிநாட்டில் அல்லவா இருக்கிறார்?

டீச்சர்: லீவுக்கு வந்தால் வேண்டுமே!

கதிர்: உள்ளதைச் சொன்னால், நம் தெருவில் தினமும் ஏறியவர் ஒரே ஒருத்தர்தான். எங்கள் கண்டக்டரின் மாமனார். அவரும் எங்கேயும் போக ஏறவில்லை. மாப்பிள்ளையிடம் சண்டை போட ஏறுவார், சண்டை முடிந்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்வார்.

டீச்சர்: அவரும் பயணிதான்.

கதிர்: அதென்ன, ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறி போட்டு எழுதியிருக்கிறது?

டீச்சர்: அது… சின்னச் சின்ன நிபந்தனை.

கதிர்: "பஸ் அவசியம் வேண்டும் (ஸ்டாப் என் வீட்டு வாசலில் வேண்டாம்)." அடுத்தவரும் அதே. மூன்றாமவர், "(எதிர் வீட்டு வாசலில் வைக்கலாம்)." எதிர் வீட்டுக்காரர், "(மேற்படி நபர் சொல்வதை நம்ப வேண்டாம்)." பஸ்ஸை எங்கேதான் நிறுத்துவது?

டீச்சர்: பொதுவான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

கதிர்: நம் தெருவில் பொதுவான இடம் நடுரோடுதான். அதிலும் பாதியில் உங்கள் ஆட்கள் காரை விட்டிருப்பார்கள். வழி கேட்டு ஹாரன் அடித்தேன் என்று போன வருஷம் டிப்போவுக்கு ஒரு மனு வந்தது. முதல் கையெழுத்து சிவப்பு மை. கீழே மற்றவர்கள் விட்ட எழுத்துப் பிழையெல்லாம் அதே மையில் திருத்தியிருந்தது.

டீச்சர்: பிழையோடு எப்படியப்பா அனுப்புவது?

(யார் எழுதியது என்ற கேள்வியை இருவருமே எழுப்பவில்லை. அக்கம்பக்கத்து உறவு இப்படித்தான் நிலைக்கிறது.)

டீச்சர்: இருக்கட்டும். நன்றாக ஓடின ரூட்டை எதற்காக மாற்ற வேண்டும்? அதைச் சொல்.

கதிர்: அது ரூட்டா டீச்சர்? இங்கிருந்து ரயில் நிலையம் நேரே போனால் நாலு கிலோமீட்டர். 17 போனது ஒன்பது. பழைய கவுன்சிலர் கேட்டதற்காக ஒரு வளைவு, அவரைத் தோற்கடித்தவர் கேட்டதற்காக இன்னொரு வளைவு. தியேட்டர் ஸ்டாப் என்று ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? தியேட்டரை இடித்துத் தரைமட்டமாக்கி எவ்வளவோ காலமாகிவிட்டது. நாங்கள் விடாமல் உள்ளே போய், காலி மனையை ஒரு சுற்றுச் சுற்றி, நின்று, கிளம்பி வருவோம்.

டீச்சர்: யாருமே ஏற மாட்டார்களா?

கதிர்: ஒரு தடவை ஒருத்தர் ஏறினார். தியேட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்க. டீச்சர், நான் ஒரு கணக்குச் சொல்கிறேன், நீங்கள் போடுங்க.

(டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொள்கிறார். வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டவரிடம் கேள்வி கேட்டால் முதலில் கண்ணாடிதான் சரியாக வேண்டியிருக்கிறது.)

கதிர்: ரூட்டில் 6 வண்டி. ஒரு வண்டி போய்த் திரும்ப 90 நிமிஷம். எத்தனை நிமிஷத்துக்கு ஒரு பஸ் வரும்?

டீச்சர்: 15. இது ஆறாம் வகுப்புக் கணக்கு.

கதிர்: வளைவையெல்லாம் எடுத்துவிட்டு நேரே விட்டால் 60 நிமிஷம். அதே 6 வண்டிதான்.

டீச்சர்: 10 நிமிஷத்துக்கு ஒன்று. ம்ம்.

கதிர்: புதிதாக வண்டி வாங்கினோமா? ஆள் எடுத்தோமா?

டீச்சர்: விடை சரி, ஆனால் முதல் படியையே நீ விட்டுவிட்டாய். வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு நடக்கும் நேரத்தை எதில் சேர்த்தாய்? எனக்கும் உனக்கும் கால் இருக்கிறது. தெருக்கோடி வீட்டில் ஓர் அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவருக்கு உன் பத்து நிமிஷ பஸ் எதற்கு? அவர் மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் நாலு பஸ் போயிருக்கும்.

கதிர்: அது சரிதான் டீச்சர். அவருக்கு வண்டி வாசலுக்குத்தான் வர வேண்டும். அவர் கையெழுத்து எங்கே?

டீச்சர்: அது… அவர் வீடு தெருக்கோடியில் இருக்கிறதா… வெயில் வேறு… அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

(சிறிது நேரம் யாரும் பேசவில்லை.)

கதிர்: அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் இதையே வெளிப்படையாகப் பேசி முடிவெடுத்தார்கள். பஸ்ஸுக்கு ஆகும் செலவில் 80 சதவீதம் கூட்டம் ஏறும் ரூட்டுக்கு, 20 சதவீதம் கூட்டம் வராவிட்டாலும் போயே ஆக வேண்டிய இடத்துக்கு. பிரித்து வைத்துக்கொண்டு, 2015 ஆகஸ்ட் 16 அன்று ஒரே ராத்திரியில் ஊர் ரூட் முழுவதையும் மாற்றினார்கள்.

டீச்சர்: இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? பூகோளத்தில் நீ ஃபெயில் ஆயிற்றே!

கதிர்: டிரெய்னிங்கில் படம் போட்டுக் காட்டினார்கள். ஏசி ரூம். பாதிப் பேர் தூங்கிவிட்டோம், சத்தம் வந்தபோது விழித்துக்கொண்டதெல்லாம் நினைவிருக்கிறது.

டீச்சர்: நானும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். சிலி நாட்டின் சாண்டியாகோ, 2007 பிப்ரவரி 10. அங்கேயும் ரூட்டையெல்லாம் வெட்டி, "இறங்கி மாறிக்கொள்ளுங்கள்" என்றார்கள். அதுவும் ஒரே நாள் மாற்றம்தான். வண்டி போதவில்லை, ஸ்டாப்பெல்லாம் கூட்டம், மெட்ரோ ரயில் பிதுங்கி வழிந்தது. கடைசியில் ஜனாதிபதி மிசேல் பச்சலெட்டே மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

கதிர்: இங்கே மன்னிப்புக் கேட்பது கண்டக்டர் மட்டும்தான். அதுவும் சில்லறை இல்லாதபோது.

டீச்சர்: சிரிக்காதே. முன்னே ஒரே பஸ்ஸில் உட்கார்ந்தால் ஆஸ்பத்திரி. இப்போது சந்திப்பில் இறங்கி, ரோட்டைத் தாண்டி, வெயிலில் நின்று, இன்னொரு பஸ் ஏறி, இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரு பயணத்தை இரண்டாக வெட்டிவிட்டு இரண்டுக்கும் காசு கேட்டால் அதற்குப் பெயர் திட்டமா?

கதிர்: அது தப்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. தென்கொரியாவின் சியோலில் 2004-ல் மாற்றியபோது அதைத்தான் முதலில் சரிசெய்தார்கள். நீல வண்டி பெரிய ரோட்டில் நெடுந்தூரம் போகும். பச்சை வண்டி உள்தெருவில் ஆளைச் சேர்த்து, நீலத்திலோ ரயிலிலோ கொண்டுவந்து விடும். புறநகருக்குச் சிவப்பு, நகர நடுவில் வட்டமடிக்க மஞ்சள். மொத்தம் எவ்வளவு தூரமோ அதற்குத்தான் காசு. நடுவில் மாறினால் மறுபடி முதலிலிருந்து டிக்கெட் எடுக்க வேண்டாம்.

டீச்சர்: முதல் நாள் எப்படி இருந்தது?

கதிர்: அது வந்து… கார்டு மிஷின் வேலை செய்யவில்லை.

டீச்சர்: அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாமல் விடப் பார்த்தாய்.

கதிர்: அப்புறம் சரியாகிவிட்டது டீச்சர். நான் அங்கே தூங்கவில்லை, கலர் கலராக இருந்ததால் முழுக்கப் பார்த்தேன்.

டீச்சர்: உன் பத்து நிமிஷ பஸ்ஸுக்கு வருவோம். எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை. அரை மணி நேரம் ஒன்றும் வராது, அப்புறம் மூன்றும் ஒன்றாக ஊர்வலம் வரும்.

கதிர்: பஸ்ஸே ஏறாத உங்களுக்கு அது எப்படித் தெரியும்?

டீச்சர்: மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மெயின் ரோடு தெரியும். நீங்கள் டிரைவரெல்லாம் பேசி வைத்துக்கொண்டுதானே சேர்ந்து வருகிறீர்கள்?

கதிர்: ஐயோ, அந்தப் பழியை எங்கள் மேல் போடாதீங்க! முன்னால் போகும் வண்டி சிக்னலில் இரண்டு நிமிஷம் மாட்டினால் போதும். அடுத்த ஸ்டாப்பில் வழக்கத்தைவிடக் கூட்டம் சேர்ந்திருக்கும். ஏற்றி இறக்குவதற்குள் இன்னும் லேட். அதற்கடுத்த ஸ்டாப்பில் அதைவிடக் கூட்டம். பின்னால் வருகிற வண்டிக்கோ ஆளே மிச்சம் இருக்காது, காலியாக ஓடிவந்து முன்வண்டியின் முதுகில் முட்டும். 1964-லேயே நியூவெல், பாட்ஸ் என்று இரண்டு பேர் கணக்காக எழுதிவிட்டார்கள்.

டீச்சர்: கணக்கா? பொறு.

(மனுவைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பிக்கிறார். உயிர்நாடி, தவிப்பு எல்லாம் தலைகீழாகக் கிடக்கிறது.)

டீச்சர்: பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காக வந்தால் ஒருவர் சராசரியாகக் காத்திருப்பது 5 நிமிஷம். மூன்றும் சேர்ந்து அரை மணிக்கு ஒருமுறை வந்தால் 15 நிமிஷம். மூன்று மடங்கு! ஆனால் உங்கள் ஆபீஸ் காகிதத்தில் இரண்டுக்கும் ஒரே பதில்தான் இருக்கும், மணிக்கு 6 பஸ்.

கதிர்: அதேதான் டீச்சர்! காகிதத்தில் நாங்கள் எப்போதும் பாஸ்.

டீச்சர்: இதற்கு வழி?

கதிர்: முன்வண்டி தாமதமானால் பின்வண்டியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்க வேண்டும், அதற்கு டைம் கீப்பர் இருக்கிறார். ஆனால் பிடித்து வைத்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். பஸ்ஸுக்குத் தனிப் பாதை இருந்தால் பாதித் தொல்லை போய்விடும். பிரேசிலில் குரிச்சிபா என்று ஓர் ஊர், 1974-லிருந்து பஸ்ஸுக்கு மட்டுமே ரோடு விட்டிருக்கிறார்கள்.

டீச்சர்: நம் மெயின் ரோட்டிலும் விடலாமே.

கதிர்: விடலாம். இடதுபக்கம் வரிசையாக நிற்கும் கார்களை எடுக்க வேண்டும். இந்தப் பட்டியலில் இரண்டாவது, ஐந்தாவது, ஒன்பதாவது பெயர்.

டீச்சர்: ஒன்பதாமவர் முன்கோபி. சரி, மனுவை வேறு மாதிரி எழுதுகிறேன், நீ வாயால் மட்டும் சொல், மெமோ வராது. ஒன்று, பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம். சேர்ந்து வருவதைக் கட்டுப்படுத்த வேண்டும்.

கதிர்: இரண்டாவது, மாறி ஏறுபவருக்கு ஒரே டிக்கெட்.

டீச்சர்: மூன்று, சந்திப்பில் நிழற்குடை. நிழற்குடை என்று பெயர் வைத்துவிட்டு விளம்பரப் பலகைக்கு நிழல் விழும்படி கட்டாமல், மனிதர் மேல் நிழல் விழும்படி கட்ட வேண்டும். உட்கார இடமும் வேண்டும்.

கதிர்: சாய்வாக ஒரு கம்பி வைப்பார்களே, அது வேண்டாம் என்றும் எழுதுங்க. அதில் உட்காருவதற்கு நின்றுகொண்டே இருக்கலாம்.

டீச்சர்: நாலு, நடக்க முடியாதவர்களுக்குத் தெருவுக்குள் சின்ன வண்டி, ஆஸ்பத்திரி நேரத்தை ஒட்டி. தெருக்கோடி அம்மாவின் பெயரைக் கேட்டு முதலில் போட வேண்டும். நான் நேரிலேயே போகிறேன்.

கதிர்: ஸ்கூட்டரிலா?

டீச்சர்: வாயை மூடு. ஐந்து. இதுதான் முக்கியம். வாரத்தில் ஒரு நாளாவது இந்தத் திட்டம் போட்ட அதிகாரிகள் அத்தனை பேரும், ஆபீஸ் காரைத் தொடாமல், இதே பஸ்ஸில், இதே சந்திப்பில் மாறி வேலைக்குப் போக வேண்டும். அப்போதுதான் புத்தி வரும்!

கதிர்: பிரமாதம் டீச்சர்! ஒரே ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்க. "அதிகாரிகளும், கீழே கையெழுத்திட்டுள்ள நாங்களும்."

(டீச்சர் பேனா மூடியைக் கழற்றுகிறார். யோசிக்கிறார். ஐந்தாவதைச் சிவப்பு மையில் அழுத்தமாக அடிக்கிறார்.)

டீச்சர்: நாலு போதும். நீளமாக இருந்தால் ஆபீசில் படிக்க மாட்டார்கள்.