கவலை நிறைய இருந்தது, கவனிப்புத்தான் இல்லை

கவலையீனமான ஆளையோ வேலையையோ டென்மார்க்கின் டெனிஸ் மொழியில் ‘ஸ்கோதெஸ்லோஸ்’ என்பார்கள். ‘லோஸ்’ என்றால் இல்லாத. ‘ஸ்கோத்’ என்றால் மடி. அதனால் இது ‘மடியில்லாத’ என்றுதான் கன காலமாக நினைத்திருந்தேன்.

முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு அம்மாவின் மடியிலிருந்து கம்பளிப் போர்வை ஒரு பக்கமாகச் சரிந்து, அதன் குஞ்சம் சக்கரக் கம்பியில் சுற்றிக் கிடந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. குளிரில் முழங்கால்களை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தார். மருந்து வண்டியோடு நான் இரண்டு தரம் அவரைக் கடந்து போயிருக்கிறேன். மூத்த பணியாளர் ஒருவர் குனிந்து குஞ்சத்தை எடுத்துவிட்டு, போர்வையைச் செருகிவிட்டு, என்னைப் பார்த்து இந்தச் சொல்லைத்தான் சொன்னார்.

அன்று இரவு அகராதியை எடுத்தேன். முன்பாதி மடியே இல்லை! பேணுதல், பார்த்துக்கொள்ளுதல் என்ற பொருளுள்ள ‘ஸ்கோத்த’ என்ற வினையின் உறவு அது. பக்கத்துச் சுவீடிஷில் அதே குடும்பத்துச் சொல் இன்றும் தாதியரின் பெயரில் இருக்கிறது: அங்கே தாதி என்றால் ‘நோயாளியைப் பேணுபவர்’. டெனிஸில் பழைய பொருள் மங்கிப்போக, காதுக்குப் பழகிய மடி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நம் கவலையீனம் என்ற சொல் கவலை இல்லாததைக் குற்றமாகச் சொல்கிறது. டெனிஸிலும் அதே அமைப்பில் ‘சோர்க்லோஸ்’ என்று ஒன்று உண்டு. ‘சோர்க்’ என்றால் துயரம். ஆனால் அது இனிமையான சொல், கவலையறியாத பிள்ளைப் பருவத்துக்குச் சொல்வது. கவலைப்படாததை அவர்கள் பிழை என்று நினைக்கவில்லை. பேணாததைத்தான் பிழை என்கிறார்கள். அதுதான் சரி என்பேன். அன்று எனக்குக் கவலைக்கு என்ன குறை? நேரம், மருந்துப் பட்டியல், மொழி எல்லாவற்றையும் பற்றிக் கவலைப்பட்டேன். அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பயிற்சிக்கு வரும் நம் பிள்ளைகள் இந்தச் சொல்லுக்குத் தமிழ் கேட்டால், ‘கவனிப்பில்லாத’ என்று சொல்லிக்கொடுக்கிறேன். கண்ணால் பார்ப்பதும் கவனிப்பு, வந்தவரை இருத்திச் சாப்பாடு போடுவதும் கவனிப்புத்தானே நமக்கு.